பெட்ரோல் மூடி

செப்டம்பர் 8, ஞாயிறு

எங்கள் மோரிஸ் கார் மேல் கிடந்த தார்ப்பாயை இன்று எடுத்துவிட்டேன். பின் சீட்டில் பூனை குட்டி போட்டு வளர்த்து, குடும்பத்தோடு காலி செய்துகொண்டும் போயிருக்கிறது. நாற்றம் இன்னும் போகவில்லை.

எடுக்கக் காரணம் இருக்கிறது. பழைய கார் மன்றத்திலிருந்து தகவல் வந்தது. இந்த வருட ஊர்வலம் அக்டோபர் 20, கோவையிலிருந்து கோத்தகிரிக்கு. முதலில் மலையேறி முடிக்கும் வண்டிக்கு 'அர்த்தநாரி நினைவுக் கோப்பை'. அறிவித்திருப்பவர் செயலாளர் சென்னியப்பன்.

என் புருஷன் பெயரில் கோப்பை. கொன்றவனே வைக்கிறான்.

யாரும் இதைக் கொலை என்று சொல்லமாட்டார்கள் என்று தெரியும். அதனால் இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன வருட ஊர்வலத்தில் மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தினோம். நான் டம்ளரோடு திரும்பிப் பார்த்தபோது சென்னியப்பன் எங்கள் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் கை பெட்ரோல் மூடியின் மேல் இருந்தது. என் புருஷன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். நான் வருவதைக் கண்டதும் சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மலையில் மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான். அவர் இறங்கித் தள்ளினார். இதயத்தில் ஏற்கெனவே ஒரு குழாய் அடைத்திருந்த மனிதர். நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் பரிசளிப்பில் சென்னியப்பன் மைக்கைப் பிடித்து, "அர்த்தநாரி வண்டிக்கு மலை மேல மரியாதை ஜாஸ்திங்க, பாதியிலயே உக்காந்து கும்பிட்டுக்குச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டே. அடுத்த வாரம் போய்விட்டார்.

அதே வளைவில் சென்னியப்பனின் ஃபியட் நிற்க வேண்டும். அவன் இறங்கித் தள்ள வேண்டும். நான் பின்னால் இருந்து பார்க்க வேண்டும். எனக்குக் கோப்பை வேண்டாம், இது போதும்.

செப்டம்பர் 11, புதன்

நேற்று மழை. காலையில் என் பெட்ரோல் பங்க்கில் நிலத்தடி டாங்கில் கோலை விட்டு, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பசை தடவிப் பார்த்தேன். பசை நிறம் மாறவில்லை, தண்ணீர் இல்லை. பையன்கள் இரண்டு பேர் லீவு, நானே பைப் பிடித்தேன்.

சென்னியப்பன் டாங்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஊர்வல வண்டிகள் எல்லாம் என் பங்க்கில்தான் போடுகின்றன. பெட்ரோலில் தண்ணீர் என்றால் என் கடைக்குத்தான் கெட்ட பெயர். அவனுக்காக நான் ஏன் என் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? வேறு யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மெக்கானிக் ஜாபர் வந்தான். கார்புரேட்டரைக் கழற்றியபோது உள்ளே பழைய பெட்ரோல் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. ஜெட்டை ஊதி, மிதவையை ஆட்டிப் பார்த்து, புது டியூப் மாட்டினான். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, நிறைந்ததும் தானாக நின்றது. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜாபர் முன்னால் அழக்கூடாது என்று சமையலறைக்குப் போய் மோர் கலக்கினேன்.

டாங்கில் கிடந்த பழைய பெட்ரோலை அதற்கு முன்பே பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன். பசை தடவிப் பார்த்தேன், தண்ணீர் இல்லை. வடிகட்டினேன், சர்க்கரை இல்லை, மண் இல்லை. சென்னியப்பன் கெட்டிக்காரன். தடயம் இல்லாத வேலை ஏதோ செய்திருக்கிறான்.

வண்டி முழுக்க அவர் வைத்த சந்தனப் பொட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆயுத பூஜை என்றால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஓட்டுவது நான், துடைப்பதும் பொட்டு வைப்பதும் அவர். ஸ்டியரிங், ஹெட்லைட், பேட்டரி, கதவுப்பிடி, எதையும் விடமாட்டார். வைத்ததை அடுத்த வருடப் பூஜை வரை யாரும் தொடக்கூடாது. மழையில் தானாகக் கரைந்தால் உண்டு. ஜாபர் பார்த்துவிட்டுச் சிரித்தான்: "பம்ப் தலையிலகூட வெச்சிருக்காருக்கா. அண்ணன் ஒரு எடம் பாக்கி வெக்கல."

அவருடைய மோதிர விரலில் பாக்குவெட்டி பட்ட தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். அவர் வைக்கிற பொட்டு ஒவ்வொன்றிலும் நடுவே அந்தக் கோடு விழும். ஒன்றையும் துடைக்கவேண்டாம் என்று ஜாபரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

டாங்கை நிரப்பிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். காரமடைக்கு முன்னால் பாலம் ஏறும்போது இழுவை குறைந்தது. பம்ப் சத்தம் மெதுவாகி, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சு வாங்கியது. நின்றுவிட்டது. அன்று மலையில் நின்ற மாதிரியேதான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு தடவை நின்றது.

ஜாபர் பம்ப் என்கிறான். மாற்றட்டும்.

செப்டம்பர் 25, புதன்

புதுப் பம்ப். அதே கதை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

இன்று தனியாகப் போனேன். அதே பாலத்தில் அதே மாதிரி நின்றது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சாவியைத் திருப்பினேன். பம்ப் தடதடவென்று அடித்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பங்க் வைத்துப் பிழைக்கிற எனக்கு இது தெரிய இத்தனை நாளா? டாங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். அதை அடைத்துவிட்டால் டாங்குக்குள் வெற்றிடம் ஆகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. சமதளத்தில் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். மேட்டில் எஞ்சின் அதிகம் கேட்கும்போது கைவிட்டுவிடும்.

எங்கள் பழைய மூடியில் ஓட்டை ஓரத்தில் இருந்தது. போன வருடம் மன்றத்தில் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பளபளவென்று புது மூடி வாங்கினார்கள். அதில் ஓட்டை நடு உச்சியில். வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தவன் யார்? சென்னியப்பன். ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

ஓட்டை அடைந்திருக்கிறது. சந்தனம். கல் மாதிரி இறுகிப்போன சந்தனப் பொட்டு, மேலே மங்கலாகக் குங்குமம். அன்று டீக்கடையில் அவன் கை இந்த மூடியின் மேல்தான் இருந்தது. நெற்றியில் எப்போதும் சந்தனம் பூசுகிறவன், கையில் எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும்!

பொட்டின் நடுவே குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. காய்ந்து வெடித்திருக்கும்.

மூடியைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வண்டிக்கு வேறு மூடி போட்டாயிற்று. இப்போது நிற்காமல் ஓடுகிறது.

அக்டோபர் 5, சனி

அவன் கொடுத்ததையே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அவன் ஃபியட்டிலும் அதே பளபள மூடிதான். மெழுகு வைத்தால் சந்தேகம் வரும். ஆயுத பூஜை சமயத்தில் வண்டியில் சந்தனம் இருந்தால் எவன் கேட்பான்?

சந்தனக் கட்டை வாங்கினேன். பொடியைக் குழைத்தால் உதிர்ந்துவிடும், கல்லில் அரைத்ததுதான் பிடிக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

பங்க்கில் பையன்கள் பம்புகளுக்கு மாலை போட்டார்கள். பொரி, கடலை கொடுத்தேன். பூசணிக்காயை ரோட்டில் உடைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் கத்துகிறேன், ஒவ்வொரு வருடமும் உடைக்கிறார்கள்.

மோரிஸுக்கு நான் எதுவும் வைக்கவில்லை. அவர் வைத்ததே இருக்கிறது.

சாயங்காலம் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். அவன் மனைவி தனபாக்கியம் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"வாங்க விசாலாக்கா! இந்த வாசப்படிக்கு ஒரு வருசமா வரவே இல்லீங்களே. என்ன குத்தம் பண்ணுனோம்னு தெனமும் நெனப்பனுங்க."

ஊர்வலத்துக்குப் போகிற வண்டிக்கு அவர் நினைவாக ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "நான் வெக்கக்கூடாதுன்னா நீயே வெச்சுரு தனபாக்கியம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். இந்த ஊரில் புருஷன் இல்லாதவள் கையால் சந்தனம் வாங்க எவள் முன்வருவாள்? அவளே தயங்கினால் அதோடு திரும்பிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேனோ என்னவோ.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவங்க்கா சொன்னது? நீங்க வெய்யுங்க. உங்க கையால வெச்சாத்தான் அர்த்தநாரியண்ணன் ஆசீர்வாதம்" என்று ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எனக்குக் காபி கலக்க உள்ளே போனாள்.

நான் பானெட்டில் ஒன்று வைத்தேன், பார்வைக்கு. பிறகு பின்னால் போய் மூடியின் நடு உச்சியில், அழுத்தி, கனமாக, இன்னொன்று வைத்தேன். மேலே குங்குமம்.

காபி நன்றாக இருந்தது. பலகாரம் வேறு கட்டிக் கொடுத்தாள். அதை யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை, தின்னவும் மனமில்லை. டப்பா மேஜையிலேயே இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

தனபாக்கியம் போன் செய்தாள். "நீங்க வெச்ச பொட்டு அப்படியே இருக்குதுங்க்கா. மூடி மேல இருக்கறத இவரு தொடைக்கப் பார்த்தாரு. நான் உடலீங்க, சண்டைக்குப் போயிட்டேன்."

துடைக்கப் பார்த்தானாம். பின்னே, தான் செய்த வேலை தனக்குத் தெரியாதா? இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

பலகார டப்பாவைப் பங்க்குக்கு எடுத்துப் போய்ப் பையன்களிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 19, சனி

டாங்க் நிறைத்தேன். ரேடியேட்டரில் தண்ணீர், டயரில் காற்று. ஜாபர் பக்கத்து சீட்டில் வருகிறான். சென்னியப்பன் வண்டி எண் ஒன்பது, என் எண் பத்து. கேட்டு வாங்கினேன்.

நாளை அவன் தள்ளுவான்.

அக்டோபர் 20, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

என் பங்க்கிலிருந்துதான் கொடியசைத்தார்கள். சென்னியப்பன் டாங்கை நானே நிறைத்தேன். மூடியை நானே கையில் வாங்கி, நானே திருகினேன். பொட்டு அசையவில்லை. அவன், "கோப்பைய நீங்கதான் எடுக்கோணும் அம்மிணி" என்றான். தனபாக்கியம் முன்சீட்டில் மடியில் புளிசாத டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் வருவாள் என்று நான் யோசித்திருக்கவில்லை.

மேட்டுப்பாளையம் வரை ஒன்றுமில்லை. மலை ஏறத் தொடங்கியதும் ஃபியட்டின் பின்புகையையே பார்த்துக்கொண்டு போனேன். முதல் வளைவில் நன்றாக ஏறியது. இரண்டாவதில் ஒரு குலுக்கல். ஜாபர், "முன்னாடி வண்டி பெட்ரோல் இல்லாம திக்குதுக்கா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்து எங்களைப் பிரித்துவிட்டது. லாரியைத் தாண்டி வளைவில் திரும்பியபோது பார்த்தேன். ஃபியட் நின்றிருந்தது. அதே இடத்தில், அதே பாறைக்குப் பக்கத்தில். எதிரே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் தள்ளிக்கொண்டிருந்தது அவன் இல்லை. தனபாக்கியம்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றி கிட்டத்தட்ட டிக்கியில் முட்டத் தள்ளிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சந்தான், தள்ளு" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல், போன வருடம் எங்கள் ஸ்டியரிங்கிலிருந்து வந்த குரல்.

வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஜாபர்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்க வேண்டும். ஓடினேன். தனபாக்கியத்தைத் தோளைப் பிடித்து இழுத்து, "விடு, தள்ளாதே, விடுடி!" என்று கத்தினேன். அவள் முகமெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. சக்கரத்துக்கு ஜாபர் கல் வைத்தான். நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இறங்கிற்று.

"இப்பப் போடுங்க" என்றேன். சென்னியப்பன் சாவியைத் திருப்பினான். கொஞ்ச நேரம் இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வளைவைத் தாண்டி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். மூடி என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மூடியத் தொறந்தாச் சரியாப் போகும்னு உங்களுக்கு எப்படிங்க அம்மிணி தெரியும்?"

தனபாக்கியம் கொஞ்சம் தள்ளி, பாறை மேல் உட்கார்ந்து ஜாபர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"அன்னைக்கே தொடைக்கப் போனனுங்க. இவ உடல. ஒரு வருசங் கழிச்சு அந்த அம்மிணி மொதல் மொதல்லா வெச்ச பொட்டு, அத அழிச்சா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்னா. செரி, நின்னாத் தொறந்துக்கலாம்னுதான் உட்டுட்டேன். பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சதுல மறந்தே போச்சுங்க."

"அப்ப போன வருசம்?" என்றேன். "மேட்டுப்பாளையத்துல மூடி மேல கை வெச்சீங்களே. நான் பார்த்தேன்."

அவன் என் கையிலிருந்த மூடியைச் சுட்டிக் காட்டினான்.

"அர்த்தநாரி நடு உச்சியில பொட்டு வெச்சிருந்தானுங்க. புது மூடியில ஓட்டை அங்கதானப்பா இருக்குது, சொரண்டி உட்டர்றேன்னு நகத்த வெச்சேன். அவன் என் கையப் புடிச்சுக்கிட்டான். பூசை பண்ணுனத அழிக்கக்கூடாது, இத்தன வருசம் வெச்சுட்டுத்தான் இருக்கேன், என்னாயிப் போச்சுன்னு சிரிச்சான். நீங்க வந்தீங்க. பொம்பள முன்னாடி எதுக்கு வம்புன்னு நான் கையை எடுத்துக்கிட்டேன்."

"ஒரு வருசமா ஏன் சொல்லல?"

"மைக்குல ஒளறுனேனே, அதுக்கு நீங்க திட்டறீங்கன்னு நெனச்சேன். அதுக்குத் திட்டு வாங்கலாமுங்க, நாயந்தான். ஆனா அவன் வெச்ச பொட்டுதான் வண்டிய நிறுத்துச்சுன்னு எந்த வாயில அம்மிணி உங்ககிட்ட வந்து சொல்றது?"

தனபாக்கியம் எழுந்து வந்தாள். "என்னாச்சுங்க, எதனால நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"பம்ப் சூடாயிருச்சு, வேறொண்ணுமில்ல" என்றான் சென்னியப்பன். என் கையிலிருந்து மூடியை வாங்கி, வேட்டியில் மறைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டினான்.

கோப்பை யாருக்குப் போயிற்று என்று தெரியாது. நான் மேலே போகவில்லை. ஜாபரை ஓட்டச் சொல்லித் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

பங்க்குக்குப் போகவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பீரோவைத் திறந்து அந்த மூடியை எடுத்தேன். கோடு வெடிப்பு இல்லை. முதல் நாளே தெரியும்.

எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லி முடியாது. ஒரு வருடம் சென்னியப்பன் மேல் வைத்திருந்தது அத்தனையும் இருக்கிறது, இம்மி குறையவில்லை, கொண்டுபோய்க் கொட்ட ஆள்தான் இல்லை. அவர் படத்துக்கு முன்னால் நின்று திட்டினேன். "அந்தாளு நகத்த வெச்சாரே, விட்டீங்களா? ஓட்டைய அடைச்சுட்டு ஆசீர்வாதம் வேற! உங்களுக்குப் பொட்டு வெக்க வேற எடமே கிடைக்கலியா?" பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திக் கேட்டார்கள். கேட்கட்டும். படத்து மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டே இருக்கிறார். அன்று டீக்கடையிலும் இதே சிரிப்புதான்.

நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தேன், பிறகு கொட்டிவிட்டேன். தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து, தழும்புக் கோட்டுக்குப் பக்கத்தில், ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாகக் குடைந்தேன். கொஞ்சம் தூள் உதிர்ந்தது. வாயில் வைத்து ஊதினேன், காற்று போயிற்று. பொட்டு உடையவில்லை.

மோரிஸில் அந்த மூடியையே மாட்டிக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். மூன்றாவது வளைவில் எஞ்சின் ஒருமுறைகூடத் திக்கவில்லை. தாண்டி நானேதான் ஓரங்கட்டி நிறுத்தினேன். அந்தப் பாறையில் உட்கார்ந்து, அவரைத் திட்டியபடியே, அழுது தீர்த்தேன்.

வரும் வழியில் தனபாக்கியம் வீட்டில் இறங்கினேன். பொட்டு எதற்காக வைத்தேன் என்று அவளிடம் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவள், அன்று கட்டிக் கொடுத்த பலகாரம் எப்படி இருந்தது என்று கேட்டாள்.